டெம்ப்ஸ்டர் சாலை: நண்பனோடு ஆர்க்டிக் கடல் வரை காரில் போக ஒரு வழிகாட்டி

கனடாவின் யூக்கான் பகுதியில், டாசன் சிட்டிக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், தார்ச்சாலையிலிருந்து ஒரு சரளைச் சாலை வடக்கே பிரிகிறது. அதுதான் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. அந்த முனையிலிருந்து இனுவிக் ஊர் வரை 736 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னொரு சரளைச் சாலை சுமார் 140 கிலோமீட்டர் ஓடி, டுக்டோயாக்டுக் (சுருக்கமாக டுக்) என்ற கிராமத்தில், ஆர்க்டிக் கடலின் கரையில் முடிகிறது. முதல் சாலை 1979 ஆகஸ்ட்டில் திறந்தது. இரண்டாவது 2017 நவம்பரில்தான் வந்தது. அதுவரை டுக் போக வேண்டுமென்றால் விமானம், படகு, இல்லையென்றால் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் போடும் பனிச்சாலை. கனடாவில் வருடம் முழுவதும் இருக்கும் சாலை ஒன்றில் ஓட்டிக்கொண்டே போய் ஆர்க்டிக் கடலைத் தொட இந்த ஒரு வழிதான்.

நானும் என் நண்பனும் கோடையின் கடைசியில் இந்தப் பயணத்தைச் செய்தோம். கிளம்பும் முன் தமிழில் தேடிப் பார்த்தபோது உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. கனடாவில் வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு இந்த ஆசை இருக்கிறது. அலாஸ்காவுக்குப் போக அமெரிக்க விசா வேண்டும். டெம்ப்ஸ்டர் முழுக்கக் கனடாவுக்குள்ளேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. முதல் முறை போகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதைப் போகிற வரிசையிலேயே சொல்கிறேன்.

கிளம்பும் முன் நண்பனோடு பேசி முடிக்க வேண்டியவை

வண்டியைப் பற்றிப் பேசும் முன் கூட வருகிறவரைப் பற்றிப் பேச வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள், ஒரே வண்டிக்குள், பாதி நேரம் போனில் சிக்னல் இல்லாமல் இரண்டு பேர். ஊரில் எவ்வளவு நெருங்கிய நண்பர்களாக இருந்தாலும் இது வேறு மாதிரிப் பழக்கம். நாங்கள் ஒரு மாலை உட்கார்ந்து நான்கு விஷயங்களைப் பேசி முடித்தோம்.

ஒன்று, வேகம். சரளையில் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. ஓட்டுவது யாராக இருந்தாலும் இதுதான். இரண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கை மாற்றுவது. களைப்பாக இல்லை என்று ஒருவர் சொன்னாலும் மாற்றியே ஆக வேண்டும். மூன்று, பணம். டயர், முன்கண்ணாடி, இழுவை வண்டி என்று எது வந்தாலும், அப்போது யார் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று பார்க்காமல் சரிபாதி. இதை முன்பே சொல்லிவிட்டால் டயர் கிழிந்த இடத்தில் நின்றுகொண்டு யார் தப்பு என்று யோசிக்க வேண்டியிருக்காது.

நான்காவதுதான் முக்கியம். இருவரில் யார் "இன்று போதும்" என்று சொன்னாலும் மற்றவர் மறுபேச்சு பேசக் கூடாது. நிறுத்த வேண்டும், இல்லையென்றால் திரும்ப வேண்டும். ஈகிள் பிளெய்ன்ஸ் என்ற இடத்தில் ஒரு பகல் இரண்டு மணிக்கே என் நண்பன் இதைச் சொன்னான். மழை பிடித்திருந்தது, சாலை சேறாக இருந்தது. எனக்கு இன்னும் ஆறு மணி நேரம் ஓட்டலாம் என்றிருந்தது. மனதுக்குள் எரிச்சலோடுதான் வண்டியை நிறுத்தினேன். அன்று போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஒன்றும் ஆகாமலேயே போயிருக்கலாம். ஆனாலும் அவன் சொன்னதும் நான் நின்றதும் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மறுநாள் காலை இருவரும் தெளிவாக இருந்தோம், ஒருவர் மேல் ஒருவர் கோபம் இல்லை. இந்தச் சாலையில் அதைவிடப் பெரிய சாமான் எதுவும் இல்லை.

எப்போது போவது

வழியில் இரண்டு பெரிய ஆறுகள், பீலும் மெக்கன்சியும். இரண்டிலும் பாலம் கிடையாது. கோடையில் ஃபெர்ரி, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே சாலை. ஆறு உறையும் இலையுதிர்கால இறுதியிலும், பனி உடையும் வசந்தத்திலும் சில வாரங்களுக்கு இரண்டும் இருக்காது, கடக்கவே முடியாது. பொதுவாக ஜூன் பாதிக்கு மேல் செப்டம்பர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலையில் சூரியன் மறையாது. இனுவிக்கில் வருடத்தில் சுமார் 56 நாள் இப்படி. அதிசயம்தான், ஆனால் கொசுவும் அதே நேரத்தில்தான். நம் ஊர்க் கொசுவுக்குப் பழகியவர்கள் என்ற தைரியம் இங்கே எடுபடாது; முகத்துக்கு வலை இல்லாமல் வண்டியை விட்டு இறங்க முடியாத இடங்கள் உண்டு.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரம், செப்டம்பர் முதல் வாரம். கொசு குறைந்துவிடும். முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டி பிர்ச் செடிகள் மலைச்சரிவு முழுக்கக் குங்குமச் சிவப்பாக நிற்கும், நடுவில் வில்லோ மஞ்சள். இரவு மறுபடியும் இருட்டத் தொடங்கியிருக்கும் என்பதால் வானம் தெளிவாக இருந்தால் வடதுருவ ஒளியும் தெரியும். ஒரே குறை, திடீரென்று பனி விழலாம். அதற்குத்தான் உபரி நாட்கள்.

குளிர்காலத்தில் போவது தனிக் கலை. எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டர் முதல் உடை வரை எல்லாம் வேறு. முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

எத்தனை நாள்

வான்கூவரிலிருந்து விமானத்தில் யூக்கானின் தலைநகரான வைட்ஹார்ஸ் வந்து, அங்கே வண்டி எடுத்தால் போக வர சுமார் 2,900 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஐந்து நாளில் முடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பத்து நாள் வையுங்கள், மேலே இரண்டு நாள் உபரி. ஃபெர்ரி நின்றாலோ சாலை மூடினாலோ அந்த இரண்டு நாள்தான் விமானத்தைத் தவற விடாமல் காப்பாற்றும்.

வண்டியும் டயரும்

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அதைவிட டயர் முக்கியம். இந்தச் சாலையின் சில பகுதிகளில் போட்டிருக்கும் கல் அடுக்கடுக்காக உடையும் வகை; உடைந்த விளிம்பு கத்தி போல் இருக்கும். சாதாரண கார் டயரின் பக்கச்சுவரை அது எளிதாகக் கிழித்துவிடும். லாரிக்குப் போடும் தரத்தில் தடித்த பக்கச்சுவர் உள்ள டயர் கிடைத்தால் அதைப் போடுங்கள். ஸ்டெப்னி முழு அளவில் இருக்க வேண்டும், முடிந்தால் இரண்டு. டிக்கியில் இருக்கும் ஒல்லி ஸ்டெப்னியை நம்பிப் போகக் கூடாது. அதை வைத்துக்கொண்டு 150 கிலோமீட்டர் சரளையில் போக முடியாது.

வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் சரளைச் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று ஒரு வரி இருக்கும். எங்களுக்கு முதலில் பேசிய இடத்தில் போனில் "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றார்கள். ஒப்பந்தத்தைப் படித்தால் நேர் எதிராக இருந்தது. அங்கே விட்டுவிட்டு, டெம்ப்ஸ்டர் என்ற பெயரைச் சொல்லியே அனுமதி தரும் வேறொரு இடத்தில் கூடுதல் பணம் கொடுத்து எடுத்தோம். டெம்ப்ஸ்டர் போகலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். முன்கண்ணாடிக்குக் காப்பீடு உண்டா, இழுவை வண்டிச் செலவு யாருடையது என்று கேளுங்கள். நடுவழியில் நின்றால் இழுத்து வர ஆயிரக்கணக்கான டாலர் ஆகும்.

என்னென்ன எடுத்துக்கொள்வது

வண்டிக்கு: ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு சதுரப் பலகை, காற்று அளக்கும் கருவி, சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் காற்றுப் பம்பு, பஞ்சர் ஒட்டும் கிட், 20 லிட்டர் பெட்ரோல் கேன், புனல், கண்ணாடி கழுவும் திரவம் இரண்டு கேன், கையுறை, படுத்து வேலை பார்க்க ஒரு தார்ப்பாய். பலகையை மறந்துவிடாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நமக்கு: கோடை என்றாலும் நல்ல குளிர் உடை, மழைக்கோட்டு, கொசு வலை, தண்ணீர் குறைந்தது 20 லிட்டர், மூன்று நாள் உபரி உணவு, தூங்குபை. சூரியன் மறையாத மாதமாக இருந்தால் கண்ணை மூடிக் கட்ட ஒரு துணி. தார்ச்சாலையை விட்ட பிறகு போன் சிக்னல் கிராமங்களில் மட்டும்தான். அதனால் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாங்கியோ வாடகைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் இரவு அதிலிருந்து வீட்டுக்கு ஒரு வரி அனுப்பினோம். என் அம்மா நிம்மதியாகத் தூங்கியதற்கு அதுதான் காரணம்.

கரடி ஸ்பிரே கட்டாயம். அதை விமானத்தில் எடுத்துவர முடியாது, வைட்ஹார்ஸில் வாங்குங்கள். டிக்கியின் அடியில் புதைத்து வைக்காமல், இறங்கும்போது இடுப்பில் இருக்கட்டும். அட்டையில் எழுதியிருப்பதை இருவரும் படித்து, பாதுகாப்புக் கொக்கியை எப்படி எடுப்பது என்று முதல் நாளே கையில் வைத்துப் பாருங்கள்.

பெட்ரோல் கணக்கு

டாசனில் தொட்டியை முழுதாக நிரப்புங்கள். அடுத்து நம்பிப் போகக்கூடிய பங்க் ஈகிள் பிளெய்ன்ஸில், சாலையின் 369ஆவது கிலோமீட்டரில். டாசனிலிருந்து கணக்குப் போட்டால் 400க்கு மேல். சென்னையில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் திண்டுக்கல் வரை வழியில் ஒரு பங்க்கூட இல்லை, கடைகூட இல்லை, வீடுகூட இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் சுமார் 180 கிலோமீட்டரில் ஃபோர்ட் மெக்ஃபெர்சன், பிறகு இனுவிக். டுக்கிலும் பெட்ரோல் உண்டு, ஆனாலும் இனுவிக்கில் நிரப்பிக்கொண்டே போங்கள். கண்ணில் பட்ட ஒவ்வொரு பங்க்கிலும் நிரப்பிவிட வேண்டும். சரளையும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் வண்டி வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும்.

டாசனில் ஒரு நாள்

வைட்ஹார்ஸிலிருந்து டாசன் 530 கிலோமீட்டர், ஒரு பகல் ஓட்டம். அங்கே ஒரு நாள் தங்குங்கள். 1896இல் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்ததும் ஒன்றிரண்டு வருடத்தில் பல்லாயிரம் பேர் வந்து குவிந்த ஊர். தெருக்கள் இன்றும் மண்தான், நடைபாதை மரப்பலகைதான். அந்த மண் டிரோண்டெக் ஹ்வெச்சின் என்ற பூர்வகுடி மக்களுடையது. 2023இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலக மரபிடமாக அறிவித்தபோது பட்டியலில் சேர்த்தது அவர்கள் பெயரோடுதான்.

இனுவிக்கும் டுக்கும் இருப்பது யூக்கானை அடுத்த வடமேற்குப் பிரதேசத்தில்; கோடையில் அதன் தகவல் மையம் ஒன்றும் இங்கே இயங்கும். ஃபெர்ரி ஓடுகிறதா, எங்கே சாலை வேலை நடக்கிறது, மழை எங்கே என்று நேரில் கேளுங்கள். யூக்கானின் 511 சாலைத் தகவல் தளத்தையும் பாருங்கள். ஈகிள் பிளெய்ன்ஸில் அறை பதிவு செய்யவில்லையென்றால் இங்கிருந்தே செய்துவிடுங்கள். அந்தப் பகுதியில் வேறு விடுதி கிடையாது.

சரளையில் ஓட்டும் விதம்

இந்தச் சாலைக்கு அடியில் இருப்பது வருடம் முழுவதும் உறைந்தே கிடக்கும் மண். அதன் மேல் நேரடியாகச் சாலை போட்டால் வெயில் சூட்டில் உள்ளே இருக்கும் பனி உருகி, சாலை அப்படியே புதைந்துவிடும். அதனால் மண்ணைத் தோண்டாமல், அதன் மேல் ஒரு ஆள் உயரத்துக்குக்கூடச் சரளையைக் கொட்டி, போர்வை போர்த்தியது போல் மேடாக்கியிருக்கிறார்கள். இது புரிந்தால் ஓட்டும் விதமும் தானாக வரும். ஓரம் செங்குத்தாகச் சரியும், இளகியும் இருக்கும். ஒரு சக்கரம் அதில் இறங்கினால் வண்டியையே இழுத்துக்கொண்டு போகும். எதிரே யாரும் இல்லாதபோது நடுவிலேயே ஓட்டுங்கள். மேட்டிலும் வளைவிலும் மட்டும் வலப்பக்கம் வந்துவிடுங்கள்.

முகப்பு விளக்கு எப்போதும் எரியட்டும். எதிரே லாரி வந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, அது போய்ப் புழுதி அடங்கும் வரை காத்திருங்கள். லாரியின் சக்கரம் எறியும் கல்லின் வேகத்தோடு உங்கள் வேகமும் சேர்ந்துதான் கண்ணாடியை உடைக்கிறது. நீங்கள் நின்றிருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். திருப்புவதும் நிறுத்துவதும் எல்லாம் மெதுவாக.

புழுதியை அடக்கச் சாலையில் கால்சியம் குளோரைடு தெளிப்பார்கள். காய்ந்த நாளில் அதனால் சாலை கெட்டியாக, தார் போலவே இருக்கும். மழை பெய்தால் அதே இடம் சோப்புத் தேய்த்த மொசைக் தரைதான். மழை பிடித்தால் 40க்கு இறங்குங்கள். இன்னும் மோசமானால் அகலமான இடம் பார்த்து நின்றுவிடுங்கள்.

ஓட்டாதவருக்கும் வேலை உண்டு. பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்ப்பது, கிலோமீட்டர் கல்லைப் படித்து நினைவில் வைப்பது, டயர் சத்தத்தைக் கேட்பது. எல்லையைத் தாண்டி வடமேற்குப் பிரதேசத்துக்குள் நுழைந்ததும் கிலோமீட்டர் கல் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும், குழம்பிவிடாதீர்கள். பாட்டு போடலாம், சத்தம் குறைவாக. ஏன் என்று சொல்கிறேன்.

டயர் கிழிந்தால்

ஓகில்வி ஆற்றை ஒட்டி, கிலோமீட்டர் 230 அருகே போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு எதுவும் தெரியவில்லை. நண்பன் பாட்டை நிறுத்தினான். "டேய், ஓரங்கட்டு, சத்தம் மாறுது" என்றான். சரளை அரைபடும் இரைச்சலுக்குள் மெல்லிய "தப், தப்" இருந்தது. இறங்கிப் பார்த்தால் பின் இடது டயரின் பக்கச்சுவரில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்புக் கல் ஒன்று சொருகிக்கொண்டிருந்தது, பக்கத்தில் கையை வைத்தால் காற்று பட்டது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் அப்படியே போயிருந்தால் டயர் தூளாகி ரிம்மும் நெளிந்திருக்கும்.

பக்கச்சுவரில் விழுந்த ஓட்டையை வழியில் ஒட்ட முடியாது, ஸ்டெப்னிதான். வளைவில்லாத, தூரத்திலிருந்தே தெரியும் சமமான இடத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். அபாய விளக்கைப் போடுங்கள். கைப்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கல் வையுங்கள். வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முறுக்கினால் வண்டி ஆடும். அப்புறம் அந்தப் பலகை. சரளையில் ஜாக்கியை நேரடியாக வைத்தால் வண்டி மேலே ஏறாது, ஜாக்கிதான் கீழே இறங்கும். சரளையைக் காலால் தள்ளிச் சமமாக்கி, பலகையைப் போட்டு, அதன் மேல் ஜாக்கி. ஒருவர் ஜாக்கியைச் சுற்றும்போது மற்றவர் எழுந்து நின்று சாலையையும் புதரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், லாரிக்கும் கரடிக்கும் சேர்த்துத்தான்.

ஸ்டெப்னியை மாட்டும் முன் நட்டின் மரையில் ஒட்டியிருக்கும் புழுதியைத் துணியால் துடையுங்கள். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முறுக்குங்கள், வண்டியை இறக்கிய பிறகு இன்னொரு முறை. 50 கிலோமீட்டர் போனதும் நின்று மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். எங்களுடைய ஒரு நட்டு கால் சுற்று சுற்றியது. எங்களைக் கடந்த இரண்டு வண்டிகளும் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போயின. நீங்களும் ஓரத்தில் ஒரு வண்டியைப் பார்த்தால் நிற்க வேண்டும், அங்கே அதுதான் வழக்கம். ஈகிள் பிளெய்ன்ஸில் டயர் பார்க்க ஆள் உண்டு.

டூம்ஸ்டோன் முதல் இனுவிக் வரை

முதல் நாள் சரளையில் 72 கிலோமீட்டர் மட்டும் போய் டூம்ஸ்டோன் பூங்காவின் முகாமில் கூடாரம் போடுங்கள். சாலைக்கும் வண்டிக்கும் பழக அது போதும். கரும்பல் வரிசை மாதிரி நிற்கும் அந்தச் சிகரங்களை அவசரமாகக் கடப்பது பாவம். சமைக்க அங்கே கூரை போட்ட இடம் இருக்கிறது. நாங்கள் குக்கரில் பருப்புச் சாதம் வைத்தோம், ஊறுகாயோடு அந்தக் குளிரில் அமிர்தமாக இருந்தது. ஆனால் நம் சமையலின் வாசனை கரடிக்கும் எட்டும். தாளிப்பு, கருவாடு போன்றவற்றை விட்டுவிடுங்கள். கூடாரத்துக்குப் பக்கத்தில் சமைக்காதீர்கள். பாத்திரத்தை உடனே கழுவி, உணவு, பற்பசை, சோப்பு உட்பட வாசனை உள்ள எதையும் வண்டிக்குள்ளோ கரடியால் திறக்க முடியாத பெட்டியிலோ பூட்டுங்கள். சமைத்த சட்டையோடு தூங்கப் போகாதீர்கள்.

இரண்டாம் நாள் ஈகிள் பிளெய்ன்ஸ். மூன்றாம் நாள் 405ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தின் பலகை, பிறகு ரிச்சர்ட்சன் மலைகள், 465இல் எல்லை. கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வையுங்கள், ஃபெர்ரி நேரத்துக்கு இது முக்கியம். இந்த மலைகளில் காற்று பலமாக அடிக்கும். கதவைத் திறக்கும்போது கையை விடாதீர்கள், கீல் வளைந்துவிடும்.

சாலையின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் 539இல் பீல் ஆறு. ஃபெர்ரிக்குக் கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. கரையில் நின்றால் வருவார்கள். இறங்குமிடம் சரளையைக் குவித்துச் செய்தது. பணியாளர் கை காட்டும் வரை நில்லுங்கள், காட்டியதும் நடக்கும் வேகத்தில் ஏற்றுங்கள். 608 அருகே மெக்கன்சி. அந்த ஃபெர்ரி மறுகரைக்கும் போகும், சீகெச்சிக் கிராமத்துக்கும் போகும். எங்கே போகிறீர்கள் என்று பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். ஆற்றில் வெள்ளமோ மிதக்கும் மரங்களோ அதிகமானால் ஃபெர்ரி நின்றுவிடும். திரும்பும்போது பீல் கரையில் நாங்கள் ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டு, வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற லாரி ஓட்டுநருக்கும் கொடுத்தோம். ஏலக்காய் டீ அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது, இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் ஃபோர்ட் மெக்ஃபெர்சன். பெட்ரோல் போட்டதும் ஓடிவிடாமல் அங்கிருக்கும் கல்லறையைப் பாருங்கள். 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காவல் அதிகாரி மூன்று பேரோடு இங்கிருந்து டாசனுக்கு நாய்வண்டியில் கிளம்பினார். வேகமாகப் போக வேண்டும் என்று உணவுச் சுமையைக் குறைத்துக்கொண்டார். வழியில் துணைக்கு வந்த ஈசா ஜார்ஜ் என்ற க்விச்சின் பூர்வகுடி வழிகாட்டியைச் சில நாளிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். டாசனுக்குப் பிரிந்து போக வேண்டிய ஓடை எது என்று தெரியாமல் நாட்கணக்கில் தேடி, கடைசியில் ஊர் திரும்ப முயன்று, நான்கு பேரும் வழியிலேயே இறந்தார்கள். அவர்களைத் தேடிப் போய் 1911 மார்ச்சில் உடல்களைக் கண்டெடுத்தவர்தான் டெம்ப்ஸ்டர், சாலை அவர் பெயரில் இருக்கிறது. நால்வரின் கல்லறையும் இங்கேதான். நாங்கள் இருவரும் அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

இனுவிக்கும் டுக்கும்

இனுவிக்கில் ஒரு நாள் ஓய்வு. வீடுகள் எல்லாம் கம்பங்களின் மேல் நிற்கும். தண்ணீரும் கழிவும் போகும் குழாய்கள் மண்ணுக்கு மேலே ஓடும். தோண்டிப் புதைத்தால் பனி உருகிவிடும் என்ற அதே காரணம்தான். இக்ளூ வடிவத்தில் கட்டிய வெள்ளை மாதா கோயில் ஊர் நடுவில் இருக்கிறது. மளிகை இங்கே கிடைக்கும், விலை தெற்கைவிட மிக அதிகம். அரிசி, பருப்பு, ரவை போன்றவற்றை வைட்ஹார்ஸிலேயே வாங்கி வந்துவிடுங்கள்.

டுக் போகும் சாலையில் ஏரிகள்தான் அதிகம், இடையில் எதுவும் கிடைக்காது. மூன்று மணி நேரம் வையுங்கள். கிராமத்தை நெருங்கும்போது தட்டைத் தரையில் திடீரென்று கூம்பு கூம்பாகக் குன்றுகள் எழும்பும். பிங்கோ என்று பெயர். மண்ணுக்குள் இருக்கும் பனி வருடக்கணக்கில் வளர்ந்து தரையைத் தூக்கிக்கொண்டு வந்தவை. இப்யுக் என்ற பிங்கோ 49 மீட்டர் உயரம். ஏறிப் பார்க்க ஆசை வரும், ஏறாதீர்கள். மேல் தோல் கிழிந்தால் உள்ளே இருக்கும் பனி உருகத் தொடங்கும்.

டுக் இனுவியாலுயிட் மக்களின் ஊர், சுற்றுலாவுக்காகக் கட்டிய இடம் இல்லை. கேட்காமல் வீடுகளையோ பிள்ளைகளையோ காயப்போட்டிருக்கும் மீனையோ படம் எடுக்காதீர்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். இந்த வட்டாரக் கிராமங்கள் பலவற்றில் மதுவுக்குக் கட்டுப்பாடு உண்டு, கொண்டு போகாமலிருப்பதே மரியாதை. ஒரு வீட்டு வாசலில் உலர்ந்த மீன் விற்கிறோம் என்று எழுதியிருந்தது. வாங்கினோம். அந்தப் பாட்டி உட்காரச் சொல்லி, கடல் எப்படிக் கரையைத் தின்றுகொண்டே வருகிறது என்று கையால் தூரத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னார். முனையில் இருந்த வீடுகளை உள்ளே நகர்த்தியிருக்கிறார்கள்.

கடலில் கால் வைக்க வேண்டுமென்றால் துண்டும் மாற்றுச் சாக்ஸும் கையிலேயே இருக்கட்டும். ஆகஸ்ட்டிலும் அந்தத் தண்ணீரில் அரை நிமிடத்துக்கு மேல் பாதம் நிற்கவில்லை, எலும்பு வரை குத்தியது. நண்பன் ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டான், ராமேஸ்வரத்தில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும் என்று. இப்போதும் அவன் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது.

திரும்பும் வழி

வந்த வழியேதான் திரும்ப வேண்டும், வேறு சாலை இல்லை. முடிந்துவிட்டது என்ற நினைப்பில் வேகம் தானாக ஏறும். எங்களுக்கு ஏறியது. 70ஐத் தாண்டினால் உட்கார்ந்திருப்பவர் டாஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

டாசன் வந்ததும் தூங்கும் முன் வண்டியைக் கழுவுங்கள். கால்சியம் குளோரைடு கலந்த சேறு காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஆகிவிடும், இரும்பையும் அரிக்கும். சக்கரத்தின் உள்பக்கம், பிரேக், அடிப்பாகம், நம்பர் பலகை, விளக்குகள் எல்லாவற்றையும் பீச்சும் தண்ணீரில் நிதானமாக அடியுங்கள். ரிம்முக்குள் சேறு ஒட்டியிருந்தால் தார்ச்சாலையில் வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். டயர் போச்சோ என்று பயப்படுவதற்கு முன் அதைப் பாருங்கள். கழுவி முடித்ததும் வண்டியை நான்கு பக்கமும், கண்ணாடியையும் அடிப்பாகத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தேவைப்படும். எங்கள் வண்டியை ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம் என்று கழுவ முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அது வெள்ளை வண்டி என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.